சோப்பு வாசம்

பத்தொன்பதாம் நாள் காலையில் கோச்சின் நகங்கள் வெட்டப்பட்டிருந்தன.

அவள்தான் முதலில் பார்த்தாள். கழிகளை அடுக்கிக் கட்டிய மேடையில் நான்கு பேரும் தோளோடு தோள் ஒட்டித்தான் படுப்பார்கள். கொஞ்சம் விலகினாலும் ஓலைக் கூரையின் ஒழுகல் முகத்தில் விழும். கண் விழித்தபோது கோச்சின் வலது கை அவள் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. புகையும் வியர்வையும் நத்தைக் கவிச்சியும் ஊறி ஊறிக் கறுத்துப்போன கை. மணிக்கட்டில் அழுக்கு, ரேகைகளில் அழுக்கு, விரல் இடுக்குகளில் கோடு கோடாக அழுக்கு. விரல் நுனிக்கு வந்தால் மட்டும் ஐந்து வெள்ளைப் பிறைகள். ஒட்ட வெட்டி, ஓரம் உரசி, நகக்கண்ணில் ஒரு பொட்டு கறை இல்லாமல், பள்ளிக்கூடம் அனுப்பும் முன்பு பிள்ளையின் கையைப் பிடித்துவைத்து யாரோ பொறுமையாக வெட்டிவிட்டதுபோல இருந்தது.

மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் பதினாறு வருடம் மேற்பார்வை பார்த்தவள் அவள். மூட்டையைப் பிரிக்காமலே எந்த வார்டு விரிப்பு என்று மூக்கை வைத்துச் சொல்லிவிடுவாள். தீவில் இறங்கிய முதல் நாளே மற்றவர்கள் அவளுக்கு 'லாண்ட்ரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்த மூக்கு இப்போது அவளை அறியாமலே கோச்சின் விரல்களை நோக்கி நகர்ந்தது. சோப்பு. மிக மெல்லிய சோப்பு வாசம். கடையில் விற்கும் பூ வாசனைச் சோப்பு இல்லை. கொழுப்பைக் காய்ச்சிக் கட்டியாக்கிய, பழைய, மொட்டையான வாசம்.

ஆளில்லாத தீவில் முப்பது நாள் தாக்குப்பிடிக்க வேண்டிய தொலைக்காட்சிப் போட்டி அது. பன்னிரண்டு பேராக இறங்கியவர்களில் நான்கு பேர் மிச்சம். சோப்பு, பிரஷ், சீப்பு, கண்ணாடி, துண்டு, நகவெட்டி, ஒன்றும் கூடாது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை, பெண்களுக்கு நாப்கின், ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வெட்டுக்கத்தி, இவ்வளவுதான் அனுமதி. ஒருத்தர் எதையாவது ஒளித்துவைத்தது தெரிந்தாலும் நான்கு பேரும் சேர்ந்து வெளியேற வேண்டும். அதனால் கோச் எழுந்து தன் கைகளைப் பார்த்ததும் அவன் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்.

"யாரு பண்ணது இது?" என்றான்.

ஒரு கல்லூரியில் கைப்பந்து சொல்லிக்கொடுப்பவன். முப்பது வயதைத் தாண்டியும் மைதானத்தில் பையன்களை அதட்டுகிற குரலைத் தவிர வேறு குரல் அவனுக்கு வராது. பஸ் டிரைவர் எழுந்து உட்கார்ந்து, கோச்சின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பதைத் தொட்டவர், எதையும் சிரிப்பாக்கிவிடுகிறவர். ராத்திரி பியூட்டி பார்லர்காரி யாரோ வந்துவிட்டுப் போயிருக்கிறாள், எனக்கும் ஒரு சீட்டு போட்டுவை என்றார். சின்னப் பள்ளிக்கூட டீச்சரான நான்காமவள் மட்டும் சிரித்தாள், அதுவும் பாதியிலேயே நின்றுவிட்டது.

கோச் எல்லோருடைய பையையும் கவிழ்த்தான். டீச்சரின் உள்ளாடைகளையும் அவளுடைய நாப்கின் பொட்டலத்தையும் மணலில் உதறினான். லாண்ட்ரி தடுத்தபோது, முதல் நாளிலிருந்து கையைக் கழுவு, தண்ணீரைக் கொதிக்கவை என்று உயிரை எடுத்தது யார் என்று கேட்டான். உண்மைதான். மலக்குழியை முகாமிலிருந்து இருநூறு அடி தள்ளி, காற்று வீசாத பக்கம் வெட்டவைத்தது அவள்தான். போய்விட்டு வந்தால் சாம்பல் போட வேண்டும், சிரட்டையில் வாய் வைத்துக் குடிக்கக் கூடாது, புண்ணை ஈ மொய்க்க விடக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே எல்லோருடைய எரிச்சலையும் சம்பாதித்திருந்தாள். வயிற்றுப்போக்கில் எட்டுப் பேர் வெளியே போனதையும், இந்த நால்வர் நின்றதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நகவெட்டி கிடைக்கவில்லை. அதைவிட அவளை உறுத்தியது வேறு. மேடையிலோ கீழே மணலிலோ வெட்டிய நகத்துண்டு ஒன்றுகூடக் கிடக்கவில்லை.

பன்னிரண்டு வயது மகள் விளையாட்டாகச் சொன்னதைக் கேட்டு வீம்புக்கு விண்ணப்பம் போட்டவள் அவள். நீயெல்லாம் அழுக்கில் ஒரு நாள் தாங்கமாட்டாய் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். தாங்கித்தான் விட்டாள். பல்லில் கரி, ஈறில் ரத்தம், சிக்குப் பிடித்துக் கயிறாகிப்போன தலைமுடி, கால்விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி உரியும் தோல், உப்பில் விறைத்த சட்டை அக்குளில் அறுத்த புண், இரவெல்லாம் சொறிந்து சொறிந்து ஆறாத மணல்பூச்சிக் கடி, எல்லாமே பழகிவிட்டன. தங்கள் நாற்றம் தங்களுக்கே தெரியாத நிலைக்கு வந்துவிட்டார்கள். அதனாலேயே வெளியிலிருந்து வரும் சுத்தம் அவர்களைச் சுட்டது. படம்பிடிக்கிற ஆட்கள் வருவதைக் காதுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். காலையில் குளித்த உடம்பின் வாசம் முப்பது அடி முன்னால் நடந்து வரும். டீச்சர் ஒரு நாள் அந்த வாசத்துக்கே தேம்பித் தேம்பி அழுதாள்.

அந்த ஆட்களில் எவனோ செய்த குறும்பு என்றுதான் அவள் அன்று மதியம் வரை மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் ஒன்றும் போகாததால் வெளியே போவதும் வாரத்துக்கு ஒரு முறையாகிவிட்டிருந்தது. ஏழு நாள் கழித்து வயிறு இளகிய நிம்மதியோடு அவள் குழிக்குப் போனாள். கேமராக்காரர்கள் வரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட இடங்கள் இரண்டுதான்: ஓடையில் குளிக்கிற வளைவும் இந்தக் குழியும். புதருக்கு இந்தப் பக்கம் வந்ததும் அவள் நின்றாள். ஈக்களின் சத்தம் இல்லை. பத்தொன்பது நாளாக அந்த இடத்தில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல், பெரிய இயந்திரம் ஒன்றை நிறுத்தினாற்போல அறவே நின்றிருந்தது.

குழி காலியாக இருந்தது.

காலி என்றால் மூடியதோ அள்ளியதோ இல்லை. சாம்பல், சருகு, பன்னிரண்டு பேரின் கழிவு, எதுவும் அங்கே எப்போதும் இருந்ததற்கான அடையாளமே இல்லை. மண் சுவர்கள் நான்கும் ஈரத்தோடு மழமழவென்று தேய்க்கப்பட்டிருந்தன. அடியில் கிடந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் கழுவப்பட்டு வெள்ளையாக மின்னின. குழியைச் சுற்றியிருந்த புதரில், அவள் மார்பு உயரம் வரை, இலைகள் ஒவ்வொன்றாகத் துடைக்கப்பட்டிருந்தன. அதற்கு மேலே இருந்த இலைகளில் தூசி அப்படியே இருந்தது.

சோப்பு வாசம் இப்போது மெல்லியதாக இல்லை.

இந்தப் பக்கம் வரக்கூடாது என்று தெரியாதா, யாராக இருந்தாலும் வெளியே வா என்று அதட்டினாள். அவள் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது. புதருக்குப் பின்னால் எதுவோ பிழியப்படுகிற சத்தம். ஈரத்துணியை முறுக்கும்போது கடைசியில் விழுமே, அந்த நாலைந்து சொட்டு.

அந்தச் சுத்தத்தில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. ஓடிவந்துவிட்டாள்.

முகாமின் நடுவில் கம்பம் ஒன்று உண்டு. அதன் உச்சியில் எந்நேரமும் ஓடும் கேமரா, இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தானும் ஒலிபெருக்கியும். அழுத்தினால் தூரத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பலில் இயக்குநர் பேசுவார். விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் அது. புகார் சொல்ல அழுத்தினால் அவருக்குப் பிடிக்காது. அவள் அழுத்தினாள். உங்கள் ஆட்கள் பெண்கள் ஒதுங்குகிற இடத்தில் திரிகிறார்கள், குழியைக் கழுவிவைத்திருக்கிறார்கள் என்றாள்.

பெட்டி கரகரத்தது. பிறகு இயக்குநர் சலிப்போடு சொன்னார்: "நேத்து சாயந்திரத்துலேர்ந்து அலை ஜாஸ்திம்மா. எங்க ஆளு ஒருத்தர்கூட கரைக்கு வரல. கம்பத்து கேமரா மட்டும்தான் ஓடுது. நாடகம் போடணும்னா வேற ஏதாவது போடுங்க."

கோச் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். குழியைக் கழுவியதும் நீதானே என்றான். அவள் விலகிப் போனாள். அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது.

தீவில் மழை என்றால் பகலும் இருட்டுத்தான். இருபதாம் நாள் முழுக்க மேகம் மரங்களின் தலையில் உட்கார்ந்திருந்தது. அடுப்பு அணைந்தது, கிழங்கு வேகவில்லை, ஊறிப்போன ஓலையின் புளித்த வாடையும் நனைந்த உடம்புகளின் வாடையும் சேர்ந்து மேடையை ஒரு மூட்டைபோல இறுக்கிக் கட்டியது. பசி மயக்கத்தில் மதியமே எல்லோரும் தூங்கிப்போனார்கள். அவளும் எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியாது. டீச்சரின் கேவல் அவளை எழுப்பியது.

டீச்சரின் தலைமுடி பின்னப்பட்டிருந்தது. அத்தனை நாளாக விரல்கூட நுழையாத சிக்கு. வெளியே போனதும் மொட்டைதான் அடிக்க வேண்டும் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது நடு வகிடு எடுத்து, இரண்டாகப் பிரித்து, நெற்றித் தோல் இழுபடுகிற அளவுக்கு இறுக்கிப் பின்னி, ஈரம் சொட்டக் கிடந்தது. காதுமடல்களின் பின்பக்கம் ரோஜா நிறத்தில் பளபளத்தது. காது ஓட்டைக்குள்ளும் அப்படியே. கணுக்காலில் அவளுக்கு ஒரு புண் இருந்தது, பொருக்குத் தட்டி ஆறிக்கொண்டிருந்தது. பொருக்கைக் காணோம். பச்சைச் சதை, சுத்தமாக, ரத்தம்கூடக் கசியாமல் திறந்து கிடந்தது.

"அக்கா, நீங்கதான் பண்ணீங்கன்னு சொல்லிடுங்க," என்று டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "திட்ட மாட்டேன். சத்தியமா திட்ட மாட்டேன். நீங்கதான்னு மட்டும் சொல்லிடுங்க."

அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணாவது நிம்மதியாக இருந்திருப்பாளோ என்று பின்னால் பலமுறை தோன்றியது.

கோச்சுக்கு அதுவே போதும். தூங்குகிறவர்கள் மேல் கைவைக்கிற பைத்தியம் நம்மோடு படுக்கக் கூடாது என்றான். டிரைவர், மழையில் பெண்பிள்ளையை எங்கே அனுப்புவது என்று முனகினார். அதற்கு மேல் அவராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. அவர் கண்ணிலும் சந்தேகம் நுழைந்திருந்தது. கோச் ஒரு தார்ப்பாய்த் துண்டை அவள் முன்னால் எறிந்தான்.

"அங்க கம்பத்துக்கிட்ட போய் படு. கேமரா பாத்துக்கிட்டே இருக்கும். மேடை பக்கம் வந்த, கத்தி என்கிட்டதான் இருக்கு."

"தம்பி, அது நான் இல்ல. நான் போனாலும் அது வரும்," என்றாள் அவள்.

அவன் காதில் வாங்கவில்லை.

தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். தூங்கக் கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. அது தூங்குகிறவர்களிடம்தான் வருகிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, இருபது அடி தள்ளி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரம். மழை சன்னமாகி, ஓலையிலிருந்து சொட்டுகிற சத்தமும் கடலின் இரைச்சலும் மட்டும் மிஞ்சின. டிரைவர் உயரமான மனிதர். அவர் கால் இரண்டும் எப்போதும் மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சேறு அப்பி, பாளம் பாளமாக வெடித்த பெரிய பாதங்கள்.

முதலில் வாசம் வந்தது.

பிறகு அந்தச் சத்தம். துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்து முறுக்கும் சத்தம். அதோடு சேர்ந்து, பல்லிடுக்கில் காற்றை விட்டு, "உஸ்ஸ்... உஸ்ஸ்..." என்று ஒரு சமாதானம். குளிக்க அடம்பிடிக்கிற குழந்தையை அடக்க எந்த வீட்டிலும் கேட்கிற சத்தம்.

டிரைவரின் வலது கால் மெதுவாக உயர்ந்தது. யாரோ குதிகாலைக் கையில் தாங்கியதுபோல. யாரும் இல்லை. சேறு தானாகக் கரைந்து வழிந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விலகின, இடுக்கு துடைக்கப்பட்டது, சேர்ந்தன. வெடிப்புகள் தேய்க்கப்பட்டன. கறுப்பு போய்ப் பழுப்பு. பழுப்பு போய் வெள்ளை. நிற்கவில்லை. வெள்ளை போய் இளஞ்சிவப்பு. இன்னும் தேய்த்தது. டிரைவர் தூக்கத்தில் சிரித்தார்.

சலவைப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் சிலர் அப்படித்தான். எது கறை, எது துணி என்று அவர்களுக்குத் தெரியாது. கறை போக வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் விரிப்பில் ஓட்டை போட்டுவிட்டு, போய்விட்டது பாருங்கள் என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். இதற்கும் தெரியவில்லை.

அவள் கத்தினாள். எழுந்து ஓடினாள். கால் தொப்பென்று மேடையில் விழுந்தது. கோச் விழித்த வேகத்தில் அவள் தோளில் கத்தியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தான். அவள் சேற்றில் விழுந்தபடியே, அண்ணனின் காலைப் பார், அவர் காலைப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பார்த்தார்கள். உள்ளங்கால்களில் ஒரு ரேகை இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. பிறந்த குழந்தையின் கால்கள், ஆனால் பெரியவை. டிரைவர் அதைப் பார்க்கவில்லை. அவர் தன் இடது முன்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பச்சை குத்தியிருந்தது. கழுத்தோரம் ஒரு பெரிய மச்சமும் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை.

"இங்க அவ பேரு இருந்துச்சு, தங்கச்சி," என்றார். இறந்துபோன மனைவியைச் சொன்னார். "இருந்துச்சுல்ல? நீ பாத்திருக்கல்ல?"

இருந்தது அண்ணே, நான் பார்த்திருக்கிறேன் என்றாள். அவர் அந்த வெற்றுத் தோலைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவர் சிரிப்பாக எதுவும் சொல்லவில்லை.

அவள் பொத்தானை அழுத்தினாள். நானும் டிரைவர் அண்ணனும் டீச்சரும் விலகுகிறோம், படகை அனுப்புங்கள் என்றாள். இந்தத் தடவை இயக்குநரின் குரலில் சலிப்பு இல்லை. அவர் எதையோ கேட்கத் தயங்குவது தெரிந்தது.

"அலை அடங்கட்டும், விடிஞ்சதும் படகு வரும். அதுவரைக்கும் மூணு பேரும் சேர்ந்தே இருங்க," என்றார். பிறகு, "ஏம்மா, அந்த கம்பத்து மேல யாராவது ஏறினீங்களா?"

யாரும் ஏறவில்லை என்றாள். இருபது அடி வழவழப்பான இரும்புக் கம்பம் அது.

"நேத்துலேர்ந்து கொட்டுற மழையில லென்ஸ்ல ஒரு சொட்டு தண்ணி இல்ல. படத்துல உங்கள யாரையும் பாக்க முடியல. ஒரு துணி மட்டும் இப்படியும் அப்படியும் போயிட்டே இருக்கு." குரல் கம்மியது. "இப்பவும் போயிட்டிருக்கு."

மூவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

கோச் மட்டும் சிரித்தான். மூன்று பேரும் பயந்து ஓடினால் மிச்சம் நிற்பவன் ஜெயித்தவன், அது விதி. இதெல்லாம் என்னை வெளியேற்ற நீங்கள் மூவரும் சேர்ந்து போட்ட திட்டம், நான் ஏமாறமாட்டேன் என்றான். அவள் கெஞ்சினாள். தம்பி, இன்று ஒரு ராத்திரி மட்டும் தூங்காதே, எங்களோடு வந்து உட்கார் என்றாள். அவன் மேடையின் நடுவில் கைகாலைப் பரப்பிப் படுத்தான். இத்தனை நாளில் முதல்முறையாக இடம் தாராளமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புரண்டுகொண்டான்.

மூவரும் கம்பத்தைச் சுற்றி முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒருவர் தலை சாய்ந்தால் மற்றவர்கள் கிள்ளினார்கள். டீச்சர் வாய்ப்பாடு சொன்னாள், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மேடை இருட்டில் இருந்தது. அங்கிருந்து வாசம் வந்தது. முறுக்குகிற சத்தம் வந்தது. உஸ்ஸ் வந்தது. அவள் கோச்சைக் கூப்பிட்டாள், தொண்டை கட்டும் வரை கூப்பிட்டாள். எழுந்து போக நினைத்தாள். போகவில்லை. அந்தச் சத்தம் விடியும் வரை நிற்கவே இல்லை.

விடிந்தபோது மழை விட்டிருந்தது.

வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. தூரத்தில் படகின் இயந்திரச் சத்தம். டிரைவர் எழுந்தார், அந்த மென்மையான பாதங்களில் மணல் குத்த, டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நொண்டினார். அவளும் நாலடி போனாள். திரும்பிப் பார்த்தாள். மேடையில் ஆளில்லை.

மேடையில் கோச்சின் சட்டையும் கால்சட்டையும் உள்ளாடையும் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. துவைத்து உலர்த்தி, மடிப்புக் கலையாமல். வெட்டுக்கத்தி பக்கத்தில், துருவெல்லாம் போய், நிலாத்துண்டுபோலக் கிடந்தது.

டிரைவர் வா என்று கையாட்டினார். அவள் தயங்கினாள். அவளைச் சேற்றில் தள்ளியவன்தான், தோள் இன்னும் வீங்கித்தான் இருந்தது. ஆனால் படகு போய்விட்டால் அவன் இங்கே தனியாகக் கிடப்பான். ஜெயிப்பதற்காக எங்காவது ஒளிந்திருப்பான், இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நீங்கள் படகை நிறுத்திவையுங்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று கத்திவிட்டு ஓடைப்பக்கம் நடந்தாள்.

பாதையில் ஈரமான இலைகள் மின்னின. ஒரு சருகு இல்லை. ஒரு எறும்பு இல்லை. கல் ஒவ்வொன்றும் துடைத்துவைத்ததுபோல. தம்பி என்று கூப்பிட்டாள். ஓடைத் தண்ணீர் சத்தம் மட்டும்.

வளைவு திரும்பினாள்.

குளிக்கிற இடத்தில் சாய்ந்த பாறை ஒன்று உண்டு. முதல் வெயில் அதன் மேல்தான் விழும். பாறையில் வெளுத்த விரிப்பு ஒன்று காயப்போட்டிருந்தது. சுருக்கம் இல்லாமல் இழுத்து, காற்றில் பறக்காதபடி ஓரங்களில் கூழாங்கல் வைத்து. நல்ல வேலை. கைதேர்ந்த வேலை. இப்படித்தான் காயப்போட வேண்டும் என்று அவளுக்குள் இருந்த மேற்பார்வையாளர் ஒரு கணம் மெச்சிக்கொண்டாள்.

கிட்டே போனாள்.

விரிப்புக்கு விரல்கள் இருந்தன. இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து. ஒவ்வொன்றாக நீட்டி நிமிர்த்தி வைக்கப்பட்ட விரல்கள், தட்டையாக, உள்ளே ஒன்றுமில்லாமல். மேலே முகம். அதையும் மடிப்பு விழாமல் விரித்திருந்தது. கறை இல்லை. ரத்தம் இல்லை. ஓரத்திலிருந்து சுத்தமான தண்ணீர் சொட்டியது.

பாறைக்குக் கீழே, ஓடையில், இடுப்பளவு தண்ணீரில் எதுவோ உட்கார்ந்திருந்தது. சிவப்பாக. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அதன் தோள்கள் ஏறி இறங்கின. அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அதன் மேல் தண்ணீர் மொண்டு ஊற்றப்பட்டது. மெதுவாக. ஒரு கை. இன்னொரு கை. பிறகு நின்றது.

கரையில் படகின் ஊதல் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்ப நினைத்தாள். வாசம் அவளுக்கும் பாதைக்கும் நடுவில் இருந்தது. அடர்த்தியாக. வெதுவெதுப்பாக.

அவள் தூங்கவில்லை. கண்ணை அகலத் திறந்துதான் வைத்திருந்தாள்.

உஸ்ஸ், என்றது காதருகில்.

ஈரமான, மிகவும் பொறுமையான விரல்கள், அவளுடைய சட்டைக் கையை முழங்கை வரை ஒவ்வொரு மடிப்பாக மடித்துவிடத் தொடங்கின.